முழுப் பணமும் ஆராய்ச்சிக்கா, கொஞ்சம் சக்கர நாற்காலிக்குமா?

முதுகுத்தண்டு அடிபட்டு முடங்கியவர்களுக்கான ஆராய்ச்சிக்குக் காசு கொடுப்பதென்றால் எனக்குக் குழப்பம் இரண்டு அமைப்புகளுக்கு நடுவேதான். ஒன்று ஆஸ்திரியாவின் விங்ஸ் ஃபார் லைஃப், இன்னொன்று அமெரிக்காவின் ரீவ் பவுண்டேஷன். (மயாமி பல்கலைக்கழகத்தில் 1985 முதல் நடக்கும் மயாமி ப்ராஜெக்ட் நல்ல அமைப்புதான், ஆனால் பணம் அந்த ஒரே வளாகத்துக்குத்தான் போகும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.)

விங்ஸ் ஃபார் லைஃப், மோட்டோகிராஸ் பைக் பந்தய சாம்பியன் ஹைன்ஸ் கினிகாட்னர் தன் மகன் 2003இல் பைக் விபத்தில் முடங்கிய பிறகு ரெட் புல் பானக் கம்பெனி முதலாளியோடு சேர்ந்து 2004இல் தொடங்கியது. நிர்வாகச் செலவு ரெட் புல்லுடையது, நாம் கொடுப்பது முழுக்க ஆராய்ச்சிக்கு. 2014 முதல் அவர்கள் நடத்தும் ஓட்டத்தில் எல்லைக்கோடே கிடையாது. கிளம்பி அரை மணி கழித்துப் பின்னால் ஒரு கார் வரும், அது உங்களைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது. உலகம் முழுக்க ஒரே நேரத்தில் தொடக்கம், நமக்கு அது மே மாத மாலை நாலரை மணி. செயலியை வைத்துக்கொண்டு சென்னையிலும் ஓடலாம், அக்னி நட்சத்திரத்தில் தெம்பு இருந்தால். ரெட் புல்லுக்கு விளம்பரம்தானே என்பார்கள். சரி, இருக்கட்டுமே.

ரீவ் அமைப்பு அப்படி இல்லை. 1995இல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்த சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோபர் ரீவின் பெயரில் இருப்பது. ஆராய்ச்சிக்கும் கொடுக்கிறார்கள், சாய்தளம், விளையாட்டுச் சக்கர நாற்காலி போன்றவற்றுக்காகச் சிறு அமைப்புகளுக்கும் கொடுக்கிறார்கள், முடங்கியவர் வீட்டார் போன் போட்டுக் கேட்கத் தகவல் மையமும் வைத்திருக்கிறார்கள்.

அப்போ ஆராய்ச்சியில் பின்தங்கியவர்களா? அதுதான் இல்லை. வலி குறைக்கச் செய்த மின்தூண்டல் கருவியை முதுகுத்தண்டின் மேல் பொருத்தி, முடங்கிப்போன ஒரு பேஸ்பால் வீரரைத் தன் காலில் நிற்க வைத்த 2011 அமெரிக்க லூயிவில் பல்கலைக்கழக ஆய்வில் ரீவ் பணமும் உண்டு. அதே மின்தூண்டல் வழியில் சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்த ஆராய்ச்சிக்கு விங்ஸ் ஃபார் லைஃபும் கொடுத்தது. ஆக, ஆராய்ச்சியை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

என்னைச் சாய்த்தது வேறு விஷயம். 2004இல் ரீவின் இதயம் நின்றது, படுக்கைப் புண்ணில் கிருமி தொற்றிச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தபோது. வசதிக்குக் குறைவில்லாத மனிதருக்கே அந்தக் கதி. ஆராய்ச்சி பலிக்கும்வரை முடங்கியவர்களின் அன்றாட வாழ்க்கைக்கும் பணம் வேண்டுமே. அதனால் ஓட ஆசை வரும் வருடம் பதிவுக் கட்டணம் ஆஸ்திரியாவுக்கு, மற்ற வருடங்களில் என் காசு ரீவுக்குத்தான்.