அப்பாக்கள் கோட்டை விட்ட குழந்தை: பிலடெல்பியா சீஸ் விளம்பரம், ஷாட் ஷாட்டாக

பிரிட்டனில் 2019 ஜூனில் டிவியில் ஓடி, ஆகஸ்டிலேயே தடை வாங்கிய பிலடெல்பியா கிரீம் சீஸ் விளம்பரம், முதல் தடவை பார்த்தால் சாதாரண தமாஷ்தான். ஒரு பெண் தன் கையிலிருக்கும் குழந்தையை ஓர் ஆணிடம் கொடுக்கிறார். அந்த ஆண், இன்னொரு குழந்தையோடு நிற்கும் வேறோர் ஆணைப் பார்த்து ‘நீங்களும் புது அப்பாவா?’ என்கிறார். இடம், பெல்ட்டில் சாப்பாடு நகர்ந்து வரும் உணவகம். பேச்சும் சாப்பாடும் சேர்ந்து கவனத்தை இழுக்க, குழந்தை பெல்ட்டில் ஏறி ஊர்வலம் போகிறது. பதறியடித்துத் தூக்கிய பிறகு, ‘அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்.’

விற்பனை உத்தியாகப் பார்த்தால் இது கெட்டிக்கார வேலை. சீஸ் ருசியானது என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. பெற்ற பிள்ளையையே மறக்கவைக்கும் ருசி என்பதைப் பெல்ட்டே சொல்லிவிடுகிறது.

கோளாறு பெல்ட்டில் இல்லை. முதல் ஷாட்டிலும் கடைசி வசனத்திலும் இருக்கிறது. குழந்தை கை மாறும் அந்த ஒரு நொடி, அது யாருடைய பொறுப்பு என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. பெண் நிரந்தரம், ஆண் கொஞ்ச நேரத்துக்கு ஆள் மாற்று. கடைசி வசனம் அதையே பூட்டுப் போட்டு முடிக்கிறது: அம்மா மேலதிகாரி, அப்பா மாட்டிக்கொள்ளப் பயப்படும் பையன். இந்த இரண்டையும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். தூக்கம் கெட்டு, பசியில் தடுமாறும் புதுப் பெற்றோர் மட்டும்தான் தெரிவார்கள். அப்பாக்கள் வந்ததல்ல தப்பு, அப்பா என்பதாலேயே தவறவிட்டார்கள் என்று காட்சி அடுக்கப்பட்டதுதான்.

ஆளை மாற்றிப் பார்க்கும் சோதனை இங்கே நன்றாக வேலை செய்யும். இரண்டு அம்மாக்களை உட்காரவைத்து ‘அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்’ என்று பேசவைத்தால் சிரிப்பு வராது, புருஷனுக்குப் பயந்த வீடு கண்ணில் வரும். ஓர் அம்மாவையும் ஓர் அப்பாவையும் உட்காரவைத்தால் நகைச்சுவை அப்படியே நிற்கும், சீஸின் பெருமையும் குறையாது. அதாவது, விளம்பரத்தைக் காப்பாற்றப் பெரிய செலவே தேவைப்பட்டிருக்காது.

நிறுவனமான மொண்டலீஸ் சொன்ன விளக்கம்தான் சுவாரசியம். குழந்தை வளர்ப்பு என்றாலே அம்மா என்ற வார்ப்பைத் தவிர்க்கத்தான் வேண்டுமென்றே இரண்டு அப்பாக்களைப் போட்டோம் என்றார்கள். பிரிட்டனில் டிவி விளம்பரங்களை ஒளிபரப்புக்கு முன் சரிபார்க்கும் கிளியர்காஸ்ட்டும் அனுமதித்திருந்தது. ஆனால் அங்கே விளம்பரங்களைக் கண்காணிக்கும் விளம்பரத் தர ஆணையத்துக்கு 128 புகார்கள் போயின. கெடுதல் விளைவிக்கக்கூடிய பாலின வார்ப்புகளுக்கு எதிரான விதி அப்போதுதான், 2019 ஜூன் 14 முதல், அமலுக்கு வந்திருந்தது. பாலினத்தால் ஒருவர் ஒரு வேலையில் தோற்பதாகக் காட்டக் கூடாது என்பதற்கு அதன் வழிகாட்டி தரும் உதாரணமே, டயப்பர் மாற்றத் தெரியாத ஆண்! அப்படியிருக்க இந்தத் திரைக்கதை எப்படித் தப்பித்து வந்தது என்பதுதான் ஆச்சரியம். நகைச்சுவை என்ற சமாதானத்தை விளம்பரத் தர ஆணையம் ஏற்கவில்லை. அதே நாளில் ஃபோக்ஸ்வாகன் கார் விளம்பரம் ஒன்றும் தடையானது. அதற்கு வந்த புகார்கள் மூன்றே மூன்று. எண்ணிக்கையை வைத்து ஆணையம் முடிவு எடுப்பதில்லை.

இவ்வளவு சாதுவான தமாஷுக்குத் தடை கொஞ்சம் அதிகம் என்றே படுகிறது. ஆனால் ஆணையம் அந்த விளம்பரத்தைப் படித்த விதத்தில் பிழை இல்லை.

ஆளை மாற்றுவது எப்போது பலிக்கும்? அதே மொண்டலீஸ் கையிலிருக்கும் கேட்பரி டெய்ரி மில்க்கின் கிரிக்கெட் விளம்பரத்தை எடுத்துக்கொள்ளலாம். 90களில் ஓகில்வி என்ற விளம்பர நிறுவனம் செய்தது: அவன் சிக்ஸர் அடிக்கிறான், அவள் காவலரை ஏய்த்து மைதானத்துக்குள் ஆடிக்கொண்டே ஓடிவருகிறாள். 2021 செப்டம்பரில் அதையே திருப்பிப் போட்டார்கள்: மட்டை அவள் கையில், ஆட்டம் அவன் காலில். ஒலியை நிறுத்திவிட்டு இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். யார் உழைக்கிறார், யார் வேடிக்கை பார்க்கிறார், கடைசியில் கேமரா யார் முகத்தில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியா, ஆட்களை மாற்றிவிட்டு ‘அம்மாதான் பொறுப்பு’ என்ற எண்ணத்தை அப்படியே விட்டுவைத்தது. கேட்பரியில் திறமை, ரசிப்பு இரண்டும் முழுசாக இடம் மாறின. யாரும் அசடு வழிந்து தோற்கவில்லை. அவன் ஆட்டத்தைப் பார்த்து நாம் சிரிப்பதும் கேலிச் சிரிப்பல்ல.

ஒன்றே ஒன்று உறுத்துகிறது. இந்தப் புது விளம்பரம் ‘குட் லக் கேர்ள்ஸ்’ என்ற ஹேஷ்டேக்கோடு வந்தது. 90களில் சிக்ஸர் அடித்தவனுக்கு யாரும் வாழ்த்து அட்டை நீட்டவில்லை.