ஈரக்கழிவு 0 என்றால் 0தான்: ஆப்ஜெக்டிலிருந்து மதிப்பை எடுக்கும் வழிகள், ஓர் அலசல்

கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஊர்களில் பச்சைத் தேயிலை எடை போடும் ஷெட்டுகளுக்காக ஒரு வெப் ஆப் எழுதிப் பராமரிக்கிறேன். சிறு விவசாயிகள் இலையைக் கொண்டுவந்து தராசில் வைப்பார்கள், மழை நாளில் இலையோடு தண்ணீரும் எடை நிற்கும் என்பதால் அதற்கு ஒரு சதவீதம் கழிப்பார்கள், மீதிக்குச் சீட்டு வரும். போன கார்த்திகையில் மழை விட்டு ரெண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் காலையில் ஒரு அக்கா சீட்டோடு ஷெட்டில் வந்து நின்றார். "தம்பி, நேத்து சுள்ளுன்னு வெயிலு, இலை காஞ்சுதான் கெடந்துச்சு. அறுபது கிலோல மூணு கிலோ எதுக்குக் கழிச்சிருக்கீங்க?"

அவர் சொன்னது சரி. ஷெட்டில் இருந்தவரும் ஈரக்கழிவு 0 என்று சரியாகத்தான் போட்டிருந்தார். தப்பு நான் எழுதிய இந்த ஒரு வரியில்:

ரசீது.ஈரக்கழிவு || 5

(பெயர்களை இங்கே தமிழில் வைத்திருக்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் தமிழ் எழுத்தில் பெயர் வைப்பதை அப்படியே ஏற்றுக்கொள்ளும், ஓட்டியும் பார்க்கலாம்.)

இடது பக்கம் அன்டிஃபைன்ட் (undefined, மதிப்பே வைக்காதது), நல் (null, காலி என்று தெரிந்தே வைத்தது) மட்டுமில்லை, 0 வந்தாலும், வெற்று ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) வந்தாலும், || அதை "ஒன்றுமில்லை" என்று எடுத்துக்கொண்டு வலது பக்கத்துக்குப் போய்விடும். வெயில் நாளின் 0 அப்படித்தான் 5 ஆனது. எந்த எர்ரரும் வரவில்லை, எந்த ஸ்க்ரீனும் சிவக்கவில்லை, ஒருத்தரின் மூன்று கிலோ மட்டும் சத்தமில்லாமல் போனது. இலை போட்டுக் குடும்பம் நடத்துகிறவர்களிடம் இப்படி நடக்கக் கூடாது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து, வெளியிலிருந்து வரும் ஆப்ஜெக்டில் (பெயரும் மதிப்புமாக டேட்டா இருக்கும் கட்டு) ஒரு மதிப்பை எடுக்க நம்மிடம் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்டது ஒன்றுதான்: கீயே (மதிப்பின் பெயர்) இல்லை, கீ இருக்கிறது ஆனால் நல், மதிப்பு 0, மதிப்பு இருக்கிறது ஆனால் வேறு டைப், இந்த நாலையும் நீ பிரித்துப் பார்ப்பாயா?

முதலில் வெறும் புள்ளி. ரசீது.விவசாயி.பெயர். நடுவில் விவசாயி இல்லையென்றால் "கெனாட் ரீட் ப்ராப்பர்டீஸ் ஆஃப் அன்டிஃபைன்ட்" என்று எர்ரர் வந்து ப்ரோக்ராம் விழும். இதைத்தான் எல்லோரும் எதிரி போலப் பார்க்கிறோம், நான் அப்படிப் பார்ப்பதை விட்டுவிட்டேன். விழுந்தால் விழுந்த இடம் தெரிகிறது, தப்பான எண் சீட்டில் அச்சாகாது. அதன் குறை வேறு: கடைசிக் கண்ணி இல்லையென்றால் அது விழாது, அன்டிஃபைன்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். ஆக பாதி தூரத்துக்குத்தான் காவல்.

பழைய கோடில் (code) && போட்டு ஒவ்வொரு படியாக இறங்குவோம், ரசீது && ரசீது.விவசாயி && ரசீது.விவசாயி.பெயர் என்று. இது ||-இன் உடன்பிறப்பு, நடுக் கண்ணியில் 0 வந்தாலும் வெற்று ஸ்ட்ரிங் வந்தாலும் "ஒன்றுமில்லை" என்று அங்கேயே நின்று அதையே கையில் கொடுக்கும். 2020-க்கு முன்னால் வேறு வழி குறைவு. இன்று புதிதாக இதை எழுதக் காரணமே இல்லை.

லோடாஷ் (Lodash) என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியின் கெட் (get) ஃபங்ஷன் அந்தக் காலத்தில் எங்களுக்கெல்லாம் பெரிய உதவி. "விவசாயி.முகவரி.ஊர்" என்று பாதையை ஸ்ட்ரிங்காகக் கொடுத்து, கிடைக்காவிட்டால் என்ன தருவது என்பதையும் கூடவே சொல்லிவிடலாம். 0-ஐ அது 0 என்றே தரும், அந்த மட்டுக்கு || விட நல்லது. ஆனால் நாம் கொடுக்கும் டீஃபால்ட் அன்டிஃபைன்டுக்கு மட்டும்தான் வரும், சர்வர் நல் அனுப்பினால் நல்லே கைக்கு வரும். ஜேசானில் (JSON, சர்வரும் ஆப்பும் டேட்டா பரிமாறும் வடிவம்) அன்டிஃபைன்ட் என்று ஒன்று கிடையாது, "இல்லை" என்று சொல்ல விரும்பும் சர்வர் பெரும்பாலும் நல்தான் அனுப்பும், ஆக நமக்கு டீஃபால்ட் வேண்டிய இடத்தில்தான் இது கைவிடுகிறது. அப்புறம், பாதை ஸ்ட்ரிங் என்பதால் நாளைக்கு "ஊர்" என்ற கீயை "கிராமம்" என்று மாற்றினால் எடிட்டர் இந்த இடத்தைத் தொடாது, கம்பைலரும் பெரிதாகக் கண்டுகொள்ளாது. பாதையே ஓடும் நேரத்தில்தான் தெரியும் என்கிற இடங்களில், உதாரணமாக எந்த நெடுவரிசை (column) வேண்டும் என்று பயனரே தேர்ந்தெடுக்கும் ரிப்போர்ட்டில், இன்றும் நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்.

டீஸ்ட்ரக்சரிங்கில் (ஆப்ஜெக்டின் மதிப்புகளை ஒரே வரியில் தனித்தனியாகப் பிரித்தெடுப்பது) சம அடையாளம் போட்டு டீஃபால்ட் கொடுப்பதும் அதே வகை. அன்டிஃபைன்டுக்குப் பிடிக்கும், நல்லுக்குப் பிடிக்காது. உள்ளடுக்கு ஆப்ஜெக்டுக்கு = {} என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தால், அங்கே நல் வரும் நாளில் விழும்.

இப்போது எல்லோரும் கைவைக்கும் ?. மற்றும் ??. டைப்ஸ்கிரிப்டில் (ஜாவாஸ்கிரிப்டோடு டைப் சோதனையைச் சேர்க்கும் மொழி) 3.7 பதிப்போடு 2019 நவம்பரில் வந்தது, ஜாவாஸ்கிரிப்டின் 2020 தரத்தில் சேர்ந்தது. ?. என்பது இடது பக்கம் ஒன்றுமில்லை என்றால் விழாமல் அன்டிஃபைன்ட் தரும். ?? அன்டிஃபைன்டையும் நல்லையும் மட்டும்தான் "இல்லை" என்று எடுக்கும், 0-ஐத் தொடாது. அந்த அக்காவின் சீட்டில் || இருந்த இடத்தில் ?? இருந்திருந்தால் மூன்று கிலோ போயிருக்காது. ரசீது?.விவசாயி?.பெயர் ?? "பெயர் இல்லை" என்பது வாசிக்கவும் லேசாக இருக்கிறது. ஒப்பீடு இதோடு முடிந்துவிட்டது, எங்கே பார்த்தாலும் ?. போட்டுக்கொள் என்று சொல்லத்தான் பலரும் வருவார்கள். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் எழுதினேன்.

சிக்கல் என்னவென்றால், ?. ஒரு கேள்வியைத் தள்ளிப்போடுகிறதே தவிர அதற்குப் பதில் சொல்வதில்லை. ரசீது?.எடை * விலை என்று எழுதுங்கள். எடை இல்லை என்றால் அன்டிஃபைன்ட் பெருக்கல் விலை, அதாவது எண்ணே அல்லாத ஒரு எண், நேன் (NaN). அந்த நேனை ஜேசானாக்கி சர்வருக்கு அனுப்பினால் அது நல்லாக மாறிப் போகும். சர்வர் அதை "தொகை இன்னும் கணக்கிடவில்லை" என்று சேமித்துக்கொள்ளும். மாசக் கடைசியில் பட்டுவாடாவில் ஒருத்தருக்கு ஒரு நாள் இலைக்குப் பணமே இருக்காது, ஏன் என்று தேடினால் மூன்று வாரம் முன்னால் ஒரு ஃபோனில் நடந்தது, தடயம் இல்லை. ரசீது?.எடை > 50 என்ற ஒப்பீடும் அப்படித்தான், எடை இல்லாதபோது பொய் என்று பதில் தரும், < என்று திருப்பிப் போட்டாலும் பொய்தான். வெறும் புள்ளி போட்டு, ரசீதே இல்லாத இடத்தில் அங்கேயே விழுந்திருந்தால் அன்றைக்கே சரிசெய்திருப்போம்.

டைப் தப்பாக வருவதை ?. கண்டுகொள்ளவே கொள்ளாது. எங்கள் ஷெட் ஒன்றில் ப்ளூடூத் தராசு எடையை "24.5" என்று ஸ்ட்ரிங்காக அனுப்பியது. அடுத்த மூட்டை 30. கூட்டினால் 54.5 வர வேண்டும், வந்தது "24.530", ஏனென்றால் ஸ்ட்ரிங்கோடு + போட்டால் அது ஒட்டும் வேலை செய்யும். நல்லவேளை, திரையில் பார்த்தவர் பிடித்துவிட்டார். மதிப்பு இருக்கிறது, நல் இல்லை, ?? ஒன்றும் சொல்லாது.

டைப்ஸ்கிரிப்ட் இருக்கிறதே, அது பிடிக்காதா என்று கேட்கலாம். ஜேசான் பார்ஸ் தருவதும், ஃபெட்ச் (fetch) மூலம் சர்வரிடம் வாங்கிய பதிலில் ஜேசான் எடுப்பதும் எனி (any, எதுவாகவும் இருக்கலாம்) என்ற டைப்பில் வருகின்றன. எனி என்றால் கம்பைலர் வாயை மூடிக்கொள்ளும். அதை ஏஸ் (as) போட்டு "இது ரசீதுதான்" என்று நாமே அறிவிப்பது இன்னும் மோசம், அது எதையும் மாற்றுவதுமில்லை சோதிப்பதுமில்லை, "24.5" ஸ்ட்ரிங்காகவே இருக்கும், கம்பைலர் மட்டும் அதை நம்பர் என்று நம்பும். எங்கள் கோடில் தேடியபோது ஏஸ் இருந்த ஒவ்வொரு இடமும் ஒரு நம்பிக்கை, எதன் மேல் என்று யாருக்கும் தெரியவில்லை.

2018-இல் 3.0 பதிப்போடு வந்த அன்னோன் (unknown) டைப் இதற்கு நேர் எதிர். சோதிக்காமல் ஒரு கீயைக்கூடத் தொட விடாது. சோதனையைக் கையால் எழுதலாம், ஆனால் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: டைப்ஆஃப் நல் என்றால் "ஆப்ஜெக்ட்" என்று வரும் என்பதால் நல்லுக்குத் தனிச் சோதனை, அப்புறம் கீ இருக்கிறதா, அப்புறம் அதன் டைப், அப்புறம் நேன் இல்லையா. பத்து கீ உள்ள ரசீதுக்கு முப்பது வரி. அதைவிட முக்கியம், அப்படி எழுதிய காவல் ஃபங்ஷன் சரியா என்று கம்பைலர் பார்க்காது, "ஆம், இது ரசீது" என்று நீங்கள் சொன்னால் நம்பிவிடும். மூணு நாலு கீ என்றால் கையால் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மீதி இருப்பது ஸ்கீமா வைத்துச் சோதிப்பது. நான் ஸாட் (Zod) என்ற லைப்ரரியைப் பயன்படுத்துகிறேன். ரசீது எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே இடத்தில் எழுதுகிறோம், டைப் அதிலிருந்தே பிறக்கிறது, வரும் டேட்டா பொருந்தாவிட்டால் எந்தக் கீ, என்ன எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்று சொல்கிறது. என் நாலு கேள்விக்கும் பிரித்துப் பதில் சொன்னது இது ஒன்றுதான். குறையில்லாமலில்லை. பக்கம் கனக்கும், மழையில் ஒற்றைப் பட்டை சிக்னலில் திறக்கும் ஃபோனுக்கு அது தெரியும் (பக்கத்தின் எடை முக்கியமென்றால் வாலிபாட் (Valibot) என்ற இதே வகை லைப்ரரியைப் பாருங்கள், பயன்படுத்தும் பகுதி மட்டும்தான் பக்கத்தோடு வரும்). ஸ்கீமாவில் சொல்லாத கீயை ஸாட் இயல்பாக உதிர்த்துவிடும், சர்வர் புதிதாக ஒன்று அனுப்பி அது ஏன் வரவில்லை என்று அரை நாள் தேடியிருக்கிறேன். எல்லாவற்றையும்விட, வரும் மதிப்பின் டைப்பை மாற்றும் கோயர்ஸ் (coerce) என்ற வசதியை யோசித்துத் தொடுங்கள். ஸ்ட்ரிங் எடையை நம்பராக்க அதைப் போட்டால் "24.5" ஒழுங்காக 24.5 ஆகும், சரி, ஆனால் வெற்று ஸ்ட்ரிங்கும் நல்லும் 0 ஆகிவிடும். எடை போடாத மூட்டை 0 கிலோ மூட்டையாகப் பதிவாகும், அதாவது ||-இல் இருந்த நோய் இங்கே தலைகீழாக வருகிறது. அதனால் ஸ்ட்ரிங் வந்தால் அது காலி இல்லையா என்று முதலில் பார்த்து, பிறகுதான் நம்பராக்குகிறேன்.

ஆக இப்போது என் வழக்கம் இது. வெளியிலிருந்து வரும் எதுவும், சர்வர் பதில், தராசு, சிக்னல் இல்லாதபோது ஃபோனிலேயே சேமித்துவைத்த பழைய ரசீது, எல்லாம் வாசலில் ஒரே ஒரு தடவை ஸ்கீமாவில் சோதனை. பழைய ரசீதுகளை முக்கியமாகச் சொல்கிறேன், அது நம் கோடே எழுதியதுதானே என்று சோதிக்காமல் விடுவோம், ஆனால் எழுதியது போன வருஷத்துக் கோடு, அதில் கீயின் பெயரே வேறு. வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் வெறும் புள்ளிதான், ?. போடுவதில்லை. உள்ளே யாராவது ?. போட்டு அனுப்பினால் ரிவ்யூவில் கேட்கிறேன், இங்கே இது இல்லாமல் போகலாமா, போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று.

அர்த்தம் இருக்கும் இடங்களும் உண்டு. பச்சை இலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் விலை அறிவிக்கிறது. அறிவிப்பு வரும்வரை ரசீதில் விலை நல், அது பிழையில்லை, "இன்னும் வரவில்லை" என்பதுதான் உண்மை. அங்கே ரசீது.விலை ?? "விலை பின்னர்" என்று காட்டுவது முழுக்கச் சரி. ஈரக்கழிவில் அப்படி இல்லை. ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும்போது கோத்தகிரியில் வெயில் அடிக்கலாம், ஐப்பசி கார்த்திகையில் மழை இந்தப் பக்கம் வரும். ஒரே மலையில் இத்தனை வித்தியாசம் இருக்கும்போது கோடில் உட்கார்ந்திருக்கும் ஒரு 5-க்கு என்ன அர்த்தம்? அதனால் அந்த இடத்தில் ??-ஐயும் நான் வைக்கவில்லை. ஈரக்கழிவு வராத ரசீது வாசலிலேயே நிற்கும், ஷெட்காரர் திரையில் சிவப்பாகத் தெரியும், அவர் இலையைத் தொட்டுப் பார்த்து எண்ணைப் போட்ட பிறகுதான் சீட்டு அச்சாகும். டீஃபால்ட்டை டீஃபால்ட்டால் மாற்றாமல் எடுத்தே விட்டேன்.

உங்கள் கோடில் எங்கே தொடங்குவது என்றால், || அடையாளத்துக்கு வலது பக்கம் ஒரு எண் இருக்கும் இடங்களை முதலில் தேடுங்கள், பிறகு ஏஸ். எனக்கு அன்றைக்கு முதல் தேடலில் ஆறு இடம் சிக்கியது, அதில் ரெண்டு பணம் கணக்கிடும் இடம். பழைய ரசீதுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு, யார் யாருக்கு எத்தனை கிலோ போனது என்று பட்டியல் எடுத்தோம். அந்த அக்காவின் மூன்று கிலோ அடுத்த பட்டுவாடாவில் சேர்ந்துவிட்டது, அவரைப்போல இருந்த மற்றவர்களுக்கு, அவர்கள் கேட்கவே இல்லையென்றாலும், அதே நாளில் போட்டோம்.