நானோ கூட்டுப்பூச்சுகள்: கடினத்தை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்கலாமா?

ஓர் உலோக உறுப்பின் மேற்பரப்பு தேய்மானத்தைத் தாங்கி, அரிப்பையும் தடுத்து, உராய்வையும் குறைக்க வேண்டுமென்றால், தனியொரு பொருளாலான பூச்சு பெரும்பாலும் போதாது. அத்தகைய பன்முகப் பணிகளுக்குப் போட்டியிடும் மூன்று நானோ கூட்டுப்பூச்சுகளை (நானோமீட்டர் அளவுத் துகள்களோ படிகங்களோ வேறொரு பொருளில் கலந்த பூச்சுகளை) இங்கே எடுத்துக்கொள்வோம்: வெற்றிட அறையில் படியவைக்கும் டைட்டானியம் நைட்ரைடு–சிலிக்கான் நைட்ரைடு படலம், மின்சாரமின்றி வேதிவினையால் படியும், நுண்துகள்கள் கலந்த நிக்கல்–பாஸ்பரஸ், கிராபீன் (ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தகடு) கலந்த எபாக்சிப் பிசின்.

கடினம் ஒன்றே அளவுகோல் என்றால் முதலாவதை மற்றவை நெருங்கவே முடியாது. சில நானோமீட்டர் அளவுள்ள டைட்டானியம் நைட்ரைடு படிகங்களைப் படிகமற்ற சிலிக்கான் நைட்ரைடு மெல்லிய உறையாகச் சூழ்ந்திருப்பதால் விரிசல்கள் எளிதில் பரவுவதில்லை. கடினமும் 40 கிகாபாஸ்கலைத் தாண்டுகிறது. (100 கிகாபாஸ்கலை எட்டியதாக வெளிவந்த மதிப்புகள் பின்னர் சர்ச்சைக்குள்ளாயின.) ஆயினும், கடினத்துக்கும் மீள்தன்மைக் குணகத்துக்கும் (பொருளின் விறைப்பைக் காட்டும் அளவுக்கும்) உள்ள விகிதமே தேய்மானத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறது என்பதால், கடின எண்ணை மட்டும் விளம்பரப்படுத்துவதை நான் ஐயத்துடனேயே பார்க்கிறேன். மென்மையான அலுமினியத்தின் மீது சில மைக்ரோமீட்டர் தடிமனில் படிந்த இப்படலம், பளு ஏறும்போது அடித்தளம் அமுங்குவதால் முட்டையோடுபோல் நொறுங்கிவிடும். குறுகிய குழாயின் உட்புறத்தையும் இம்முறை சீராக எட்டாது. வெட்டுக்கருவிகளுக்கு இது ஏற்றது. அதைத் தாண்டிப் பரிந்துரைக்கத் தயக்கம் உண்டு.

நிக்கல்–பாஸ்பரஸ் பூச்சோ கரைசல் சென்றடையும் இடமெங்கும் ஒரே தடிமனில் படியும். சிலிக்கான் கார்பைடு துகள்களைச் சேர்த்தால் தேய்மான எதிர்ப்பும், டெஃப்லான் துகள்களைச் சேர்த்தால் வழுக்குத்தன்மையும் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் முதல், குரோம் முலாம் பூசப் பயன்படும் நச்சுத்தன்மையுள்ள ஆறிணைதிறக் குரோமியத்துக்குச் சிறப்பு அனுமதி தேவைப்படுவதால், கடினக் குரோம் முலாமுக்கு மாற்றாகவும் இது கருதப்படுகிறது. சிக்கல், பணிகள் ஒன்றோடொன்று மோதுவதில் இருக்கிறது. ஏறக்குறைய 400 பாகை செல்சியஸில் சூடாக்கினால் நிக்கல் பாஸ்பைடு உருவாகிக் கடினம் உயரும்; ஆனால் அந்த வெப்பத்தை டெஃப்லான் தாங்காது, படிகமற்ற அமைப்பு குலைவதால் அரிப்பு எதிர்ப்பும் குறையும். கரைசலில் துகள்கள் திரண்டு கட்டிகளாகிவிட்டாலோ, நானோ அளவால் கிடைக்கவேண்டிய பயனே போய்விடும்.

பெரிய கட்டமைப்புகளுக்கு எபாக்சியே நடைமுறைக்கு உகந்தது. கிராபீன் தகடுகள் நீரும் அயனிகளும் செல்லும் பாதையைச் சுற்றுவழியாக்குகின்றன. ஆனால் கிராபீன் மின்கடத்தி; பூச்சு கீறப்பட்டால், அது எஃகுடன் மின்வேதி இணையாகி அரிப்பைத் தூண்டக்கூடும். கீறல் விழும் வாய்ப்புள்ள இடங்களில், மின்கடத்தாத போரான் நைட்ரைடு தகடுகளையே நான் தேர்ந்தெடுப்பேன்.