சீல்டு பெட்டியா, போர்ட்டட் பெட்டியா: சிறிய காருக்கு எந்த சப்வூஃபர் அமைப்பு பொருந்தும்?

காரில் சப்வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) பொருத்த நினைப்பவர்கள் பெரும்பாலும் “எத்தனை வாட்?” என்ற கேள்வியோடுதான் கடைக்குள் நுழைகிறார்கள். ஆனால் அதே 12 அங்குல சப்வூஃபர், முழுவதும் அடைத்த சீல்டு பெட்டியில் ஒரு விதமாகவும், காற்று வழி வைத்த போர்ட்டட் பெட்டியில் வேறு விதமாகவும் ஒலிக்கும். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது பெட்டியைத்தான். ஆம்ப்ளிஃபையரை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சீல்டு பெட்டியில் அடைபட்ட காற்று ஸ்பிரிங் போல நின்று கோனை (ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பை) இழுத்துப் பிடிப்பதால், அடி விழுந்ததும் ஒலி சட்டென்று நின்றுவிடுகிறது. தவிலும் பறையும் ஒன்றோடொன்று குழம்பாமல் தனித்தனியாகக் கேட்கும். 12 அங்குலத்துக்குச் சுமார் 28 லிட்டர் போதும். மிகத் தாழ்ந்த அதிர்வெண்களில் ஒலி ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 12 டெசிபல் வீதம் குறைந்துகொண்டே போவது இதன் குறை. வீட்டுக் கூடத்தில் அது பெரிய குறைதான். கார் அப்படியல்ல: சிறிய காரின் மூடிய உட்புறம், ஏறத்தாழ 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலியைத் தானாகவே தூக்கிக் கொடுக்கிறது. கதவு, கண்ணாடி வழியாகக் கொஞ்சம் இழந்தாலும், பெட்டி விட்டதில் பெரும்பகுதியைக் கார் ஈடுகட்டிவிடுகிறது. சீல்டு பெட்டியின் பக்கம் நான் சாய்வதற்கு முதன்மையான காரணம் இதுவே.

போர்ட்டட் பெட்டியின் வலிமை உரத்த ஒலி. கோனின் பின்புறக் காற்றையும் போர்ட் வழியாகப் பயன்படுத்திக்கொள்வதால், டியூன் செய்த இடத்தையொட்டி (பெட்டியும் போர்ட்டும் எந்த அதிர்வெண்ணுக்கு அமைக்கப்பட்டனவோ அதையொட்டி) அதே வாட்டுக்கு 3 டெசிபலோ அதற்கு மேலோ கூடுதலாகக் கிடைக்கும். 3 டெசிபல் என்பது ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். ஆனால் டியூனிங்குக்குக் கீழே ஒலி ஆக்டேவுக்கு 24 டெசிபல் வீதம் சரிவதோடு, பிடிமானம் இழந்த கோன் கட்டுப்பாடின்றி ஆடத் தொடங்குவதால், மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடும் சப்சானிக் ஃபில்டர் இல்லாமல் இதை இயக்கவே கூடாது.

32 ஹெர்ட்ஸ் டியூனிங் என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு விற்ற ஆயத்தப் பெட்டியை நானே சோதித்துப் பார்த்தேன். 60 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாகக் குறைத்துச் சோதனை ஒலியைக் குறைந்த சத்தத்தில் ஒலிக்கவிட்டு, கோனின் மீது விரல் நுனியை மெல்ல வைத்திருந்தேன். கோன் மிகக் குறைவாக அசையும் இடமே உண்மையான டியூனிங். அது 48 ஹெர்ட்ஸில் வந்தது. பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது என்பதால், அந்தச் சுரம் வரும்போதெல்லாம் கோன்தான் துள்ளியதே தவிர ஒலி வரவில்லை. சீல்டு பெட்டியில் அளவு சற்றுப் பிசகினாலும் இவ்வளவு சேதம் நேராது.

இடத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். போர்ட்டட் பெட்டிக்கு உள்ளளவே 50 லிட்டருக்கு மேல் தேவைப்படும். போர்ட்டின் இடத்தையும் 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையின் தடிமனையும் சேர்த்தால், ஹேட்ச்பேக் காரின் டிக்கியில் மூன்றில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளக்கூடும். ஊருக்குப் போகும்போது பைகளை எங்கே வைப்பது?

சீல்டு பெட்டி கூடுதல் வாட் கேட்கும் என்பதால் ஆம்ப்ளிஃபையரில் சிக்கனம் பார்க்க வேண்டாம். 500 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ச்சியாகத் தரும் சக்தி) தர, 80 சதவீதத் திறனுள்ள கிளாஸ் டி வகை ஆம்ப் 13.8 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர் இழுக்கும். 50 சதவீதத் திறனில் ஓடும் கிளாஸ் ஏபி வகை 72 ஆம்பியர் இழுக்கும். சிறிய காரின் ஆல்டர்னேட்டருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது. சப்வூஃபருக்கு மேல்நாதமே போகாதபோது கிளாஸ் ஏபியால் கிடைக்கும் பயனும் ஏதுமில்லை. சப்வூஃபரில் கோனை அசைக்கும் இரட்டை 4 ஓம் காயிலைப் பேரலலாக இணைத்தால் 2 ஓம் வரும். ஆம்ப் அந்த 2 ஓமைத் தாங்குமா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

செடான் காரில் மட்டும் என் தேர்வு மாறும். டிக்கிக்கும் உட்புறத்துக்கும் இடையே பின் இருக்கை தடுப்பதால், அங்கே போர்ட்டட் பெட்டி தரும் கூடுதல் டெசிபல் உண்மையிலேயே தேவைப்படுகிறது. எதைப் பொருத்தினாலும், பேட்டரியிலிருந்து வரும் மெயின் ஒயரில் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை பானெட்டைத் திறந்து உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.