எஸ்யூவி தோற்றத்தில் சிறிய கார் வாங்குவோர் கவனத்துக்கு: 20 என்றார்கள், 13தான் வந்தது

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் சிறிய எஸ்யூவி வாங்குவதற்கு முன்பணம் கட்டவிருப்பவர்கள், கட்டுவதற்கு முன் சற்று நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் இராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கராக வேலை செய்கிறேன். வீடு காட்பாடி காந்தி நகரில் இருப்பதால், திருவலம் வழியாகப் போய்வர நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோமீட்டர் ஓட்ட வேண்டியிருக்கிறது. மாமனாரின் நிலம் ஒடுகத்தூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் உள்ளது. அங்கே போகும் வண்டிப்பாதையில் என் பழைய காரின் அடிப்பாகம் ஒவ்வொரு முறையும் கல்லில் உரசியதால்தான், தரையிலிருந்து உயரமாக நிற்கும் ஒரு வண்டியைத் தேடி வேலூரில் உள்ள ஒரு காட்சியகத்துக்குச் சென்ற ஆண்டு தை மாதம் போனேன்.

நிறுவனத்தின் பெயரையும் காரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பது ஒரு காரணம். இதே விற்பனை முறை ஒரு கடையோடு நிற்பதில்லை என்பது இன்னொரு காரணம். 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், ஏஎம்டி கியர் (கிளட்ச் மிதிக்காமல் தானே மாறுவது), முன்சக்கர இயக்கம், பெட்டி போன்ற உடல், சுற்றிலும் கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்பு என்று சொன்னால் எந்த வகை வண்டி என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.

மைலேஜ் எவ்வளவு வரும் என்று நான் கேட்டபோது, விற்பனைப் பிரிவு இளைஞர் தயங்கவே இல்லை. கொட்டேஷன் தாளைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் நீல மையில் "சிட்டி 17, ஹைவே 22" என்று எழுதி, அடியில் கோடும் போட்டுக் கொடுத்தார். இரண்டையும் கலந்து பார்த்தால் சுமார் 20. "கண்ண மூடிக்கிட்டு எடுங்க சார், எங்க மேனேஜரே இததான் ஓட்டுறாரு" என்றார். அந்த மாடலுக்குச் சோதனை நிலையம் சான்றளித்த அளவே லிட்டருக்கு 19 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதுதான் என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். சான்றிதழில் இருப்பதைவிடக் கூடுதலான ஓர் எண்ணை அவர் கையால் எழுதித் தந்திருக்கிறார்.

இதோடு நின்றிருந்தால் என் பேராசை என்று விட்டிருப்பேன். டெலிவரி உடனே வேண்டுமானால் கையிருப்பில் உள்ள வண்டியைத்தான் எடுக்க வேண்டும், அதில் சாகசத் தொகுப்பு ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கிறது, அது வேண்டாமென்றால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். தொகுப்பு என்பது கூரைமேல் ஒரு இரும்பு கேரியர், முன்புறம் பம்பருக்கு மேல் ஒரு குழாய்க் காப்பு, கம்பெனி டயருக்குப் பதிலாக அகலமும் உயரமும் கூடிய, கட்டைகட்டையாகப் பூ வெட்டிய டயர்கள். விலை 68,000 ரூபாய். "இதெல்லாம் மாட்டினா மைலேஜ் குறையாதா தம்பி?" என்று நான் நேரடியாகவே கேட்டேன். "ஒரு பாயின்ட்கூடக் குறையாது சார்" என்றார். பக்கத்தில் நின்றிருந்த மேலாளரும் தலையசைத்தார். என் புகாரின் மையமே அந்த ஒரு வாக்கியம்தான்.

கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் முதல் நாளிலிருந்தே நோட்டுப் போட்டேன். ஒரே பங்க், ஒரே பம்ப், காலை நேரம், நாசில் தானாக முதல் முறை நின்றதும் மேற்கொண்டு ஒரு சொட்டும் ஏற்றாமல் நிறுத்தச் சொல்வது, ரசீதை வாங்கிப் பின்பக்கத்தில் ஓடோமீட்டர் எண்ணைக் குறிப்பது. இப்படி டேங்க் நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது ஏறிய லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்தால் கிடைப்பதுதான் உண்மையான மைலேஜ். கண் முன்னால் ஒளிரும் மீட்டர் காட்டுவதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

பத்து முறை நிரப்பியதில் சராசரி 12.6 வந்தது. இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். டயரின் சுற்றளவு கூடினால் சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் போகும். ஆனால் ஓடோமீட்டர் பழைய சுற்றளவை வைத்தே எண்ணும். தேசிய நெடுஞ்சாலை 48இல் கிலோமீட்டர் கற்களை வைத்துச் சரிபார்த்தபோது, 25 கல் கடந்ததற்கு மீட்டர் 24தான் காட்டியது. அந்த 4 விழுக்காட்டையும் சேர்த்துத் திருத்தினால் 13.1 வருகிறது. கிரீன் சர்க்கிள், சித்தூர் பேருந்து நிலையம், காட்பாடி மேம்பாலம் என்று நகருக்குள்ளேயே ஓடிய ஒரு டேங்கில் 10.6. சென்னைக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போய்வந்த டேங்கில் 13.9. மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடும் எனக்கு, 20 வந்தால் 75 லிட்டர் போதும், 13.1இல் 114 லிட்டருக்கு மேல் ஆகிறது. லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய விலையில் இந்த வித்தியாசம் மாதம் 4,000 ரூபாய்.

சொன்ன மைலேஜுக்கும் வந்த மைலேஜுக்கும் இடையிலான இந்தப் பள்ளம் எங்கிருந்து வருகிறது என்பதை வாங்குவோர் தெரிந்துகொள்வது நல்லது. சான்றளிக்கும் சோதனை சாலையில் நடப்பதில்லை. ஆய்வகத்தில் உருளைகளின் மீது காரை நிறுத்தி, எம்ஐடிசி என்னும் வகுத்துவைத்த ஓட்ட முறைப்படி நடத்தப்படுகிறது. மொத்தமே 1,180 வினாடிகள், அதாவது 20 நிமிடத்துக்கும் குறைவு. நகரப் பகுதியில் உச்ச வேகம் 50, நெடுஞ்சாலைப் பகுதியில் 90. முழு ஓட்டத்தின் சராசரி வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். ஏசி ஓடாது. கூரையில் கேரியரும் இராது. அக்னி நட்சத்திரத்தில் 40 பாகை தாண்டும் வேலூரில் ஏசி இல்லாமல் எவர் கார் ஓட்டுகிறார்கள்? கம்ப்ரசரைச் சுழற்றுவது அதே என்ஜின்தான்; சிறிய என்ஜினுக்கு அந்தச் சுமை பெரிது.

அதைவிடப் பெரியது காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறுவதால், 80இல் போவதைவிட 100இல் போகும்போது அது ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடுகிறது. தாழ்ந்த, வழுவழுப்பான ஹேட்ச்பேக் இதைச் சமாளித்துவிடும். நெற்றியை நிமிர்த்தி நிற்கும் பெட்டி வடிவ வண்டி, அதன் தலையில் குறுக்குக் கம்பிகளோடு ஒரு கேரியரையும் சுமந்து போனால், காற்றைக் கிழித்துப் போவதற்கே பெட்ரோலில் பெரும்பங்கு போய்விடும். 90க்கு மேல் என் கூரையில் எழுந்த விசில் சத்தத்தை முதல் மாதம் நான் கதவு ரப்பரின் குறை என்று நினைத்திருந்தேன். இதற்கு மேல், கட்டைப்பூ டயர் தார்ச்சாலையில் உருள்வதற்கு எடுக்கும் கூடுதல் முயற்சி வேறு.

உண்மையான கரடுமுரடுப் பாதை வண்டிகள் பெட்ரோல் குடிக்கும் என்பதை மறைப்பதில்லை. 2023இல் வந்த ஐந்து கதவு மாருதி ஜிம்னியில் தனிச் சட்டகம், நான்கு சக்கர இயக்கம், தாழ்நிலை கியர் எல்லாம் உண்டு. அதன் மேனுவல் வகைக்குச் சான்றளிக்கப்பட்ட அளவே 16.94தான். அந்தக் கருவிகளுக்காக அந்த விலையைக் கொடுப்பவர் தெரிந்தே கொடுக்கிறார். நான் வாங்கியதில் தோற்றம் மட்டும்தான் இருந்தது. ஆடி மாத மழைக்குப் பிறகு மாமனாரின் நிலத்து ஓடையருகே முன்சக்கரம் இரண்டும் சேற்றில் சுற்றிக்கொண்டு நின்றபோது, அவர் டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டிக்கொண்டே, "மாப்பிள்ளை, டயரப் பாத்தா ஜீப்பு மாதிரி இருக்குதே" என்று வருத்தத்தோடுதான் கேட்டார்.

சர்வீஸ் நிலையத்தில் நடந்ததை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஏமாற்றின் இரண்டாம் பாகம் அங்கேதான். முதலில் "மூணு சர்வீஸ் ஆகட்டும் சார், என்ஜின் செட் ஆகணும்" என்றார்கள். இரண்டாவது முறை, நான் ஓட்டும் விதம் சரியில்லை என்றார்கள். மூன்றாவது முறை எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணம் என்றார்கள். எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிடக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓட்டினால் மைலேஜ், 10 விழுக்காடு எத்தனாலுக்கு வடிவமைத்து 20 விழுக்காட்டுக்குச் சீரமைத்த கார்களில் 1 முதல் 2 விழுக்காடும், எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 விழுக்காட்டுக்குச் சீரமைத்த கார்களில் 6 முதல் 7 விழுக்காடும் குறையும் என்றுதான் மதிப்பிட்டது. என் பள்ளம் 35 விழுக்காடு.

கடைசியில் "ஓட்டிக் காட்டுகிறோம்" என்று ஒரு மெக்கானிக்கை அனுப்பினார்கள். சித்திரை மாதம், காலை பதினொரு மணி. சத்துவாச்சாரியில் புறவழிச்சாலை ஏறியதும் அவர் மீட்டரில் சராசரி எண்ணை அழித்துப் பூஜ்ஜியமாக்கினார், ஏசியை அணைத்தார், கண்ணாடிகளை முழுக்க ஏற்றினார், பள்ளிகொண்டா சுங்கச்சாவடி வரைக்கும் 60ஐத் தாண்டவே இல்லை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போயின. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மீட்டர் 20.4 காட்டியதும் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, "பாருங்க சார், 20 வந்துடுச்சு" என்றார். திரும்பும்போது ஏசியைப் போட்டு நானே 90இல் ஓட்டினேன். மீண்டும் அழித்து எண்ணத் தொடங்கிய அதே மீட்டர் 14.2 காட்டியது. அதை அவர் படம் எடுக்கவில்லை. ஜாப் கார்டில் "மைலேஜ் சரிபார்க்கப்பட்டது, குறைபாடு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். இரண்டு எண்களையும் எழுதினால்தான் கையெழுத்திடுவேன் என்று சொல்லி, அப்படியே எழுதவைத்தேன். அந்தத் தாள்தான் இன்று என் கையில் இருக்கும் பெரிய சான்று.

முன்புறக் குழாய்க் காப்பு பற்றியும் ஒரு வார்த்தை. இத்தகைய காப்புகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானவை என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. மோதலின்போது நடந்து செல்பவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் அது ஆபத்து. சட்டம் தெரிந்த காட்சியகமே அதைப் பொருத்தி, விலையும் வாங்கியிருக்கிறது.

கேரியரையும் காப்பையும் கழற்றிப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தபோது 31 கிலோ இருந்தது. கம்பெனி அளவு டயர்களைச் சொந்தச் செலவில் மாற்றினேன். அதே பங்க், அதே பம்ப், அதே பாதையில் இப்போது 15.8 வருகிறது; நெடுஞ்சாலையில் 80இல் போனால் 18.1. வண்டியில் கோளாறு இல்லை என்பது இதிலிருந்து தெளிவு. வண்டியின் உண்மையான திறன் 16ஐ ஒட்டியது என்று சொல்லியிருந்தாலும் நான் வாங்கியிருப்பேன். தொகுப்பைத்தான் வாங்கியிருக்க மாட்டேன்.

வாங்கப் போகிறவர்கள், மைலேஜ் பற்றி வாயால் சொல்வதை விலைப்பட்டியலிலேயே எழுதி முத்திரையிட்டுத் தரும்படி கேளுங்கள். மறுத்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். சோதனை ஓட்டத்துக்கு ஏசி போட்டு, நீங்கள் தினமும் போகும் பாதையிலேயே ஓட்டிப் பாருங்கள். கூடுதல் பொருத்தங்கள் கட்டாயம் என்று சொன்னால் காத்திருங்கள். எனக்கு அந்த மூன்று மாதத்தின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யலாம். அதில் தீரவில்லையென்றால், பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே மனு கொடுக்கலாம். 5 முதல் 10 லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். லிட்டருக்கு 32 கிலோமீட்டர் என்று விளம்பரம் செய்து விற்ற ஒரு டீசல் கார் சோதனையில் 20ஐக்கூடத் தொடாததால், வாங்கியவருக்குச் சுமார் 3 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி கேரளத்தின் திருச்சூர் மாவட்ட ஆணையம் 2022இல் உத்தரவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

என் நோட்டீசுக்குக் காட்சியகம் அனுப்பிய பதிலில், அந்த விற்பனையாளர் இப்போது பணியில் இல்லை என்றும், கொட்டேஷனின் பின்பக்க எழுத்து அவருடையதுதானா என்று உறுதிசெய்ய இயலாது என்றும் இருந்தது. இதே சுற்றுவட்டாரத்தில் உங்களுக்கும் யாராவது அப்படிப் பேனாவால் எழுதித் தந்திருந்தால், மை மங்குவதற்குள் அந்தத் தாளை இருபுறமும் நகல் எடுத்து, எழுதித் தந்தவரின் பெயரையும் தேதியையும் குறித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.