அரைத்து மறைப்பதா, தட்டில் காட்டி வைப்பதா?

சாம்பாரில் கிடக்கும் பீன்ஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். எங்கள் வீட்டில் 5 வயது மகள். காய் சாப்பிட வைக்க இரண்டு வழிகளையும் மாதக்கணக்கில் செய்து பார்த்துவிட்டேன்.

முதல் வழி, மறைப்பது. பீட்ரூட்டை அரைத்துத் தோசை மாவில், கீரையைச் சப்பாத்தி மாவில், பூசணியைப் பருப்போடு கடைந்து. பலன் அன்றைக்கே தெரியும். அமெரிக்காவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளின் சாப்பாட்டில் காயை அரைத்துச் சேர்த்தபோது அவர்கள் சாப்பிட்ட காயின் அளவு நன்றாகவே கூடியது. உலக சுகாதார நிறுவனமோ 2 முதல் 5 வயதுக்கு, காயும் பழமுமாக நாளுக்குக் குறைந்தது 250 கிராம் வேண்டும் என்கிறது. அரைக் கரண்டி பொரியலே இறங்காத வீட்டில் மிக்ஸிதான் கைகொடுக்கும்.

ஆனால் நாக்கு பழகுவதில்லை. பீட்ரூட் தோசையை ஆசையாகத் தின்றவள், பீட்ரூட் பொரியலைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். ஒருநாள் சப்பாத்தியில் கீரை நார் பல்லில் சிக்கியது. "இதுல என்னம்மா போட்ட?" அப்புறம் மூன்று வாரம், வெறும் சப்பாத்தியைக்கூடப் பிய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள். அந்தச் சந்தேகப் பார்வை என்னை ரொம்பவே உறுத்தியது.

காட்டி வைப்பது மெதுவான வழி. புதுக் காய் ஒன்று பிடித்துப்போக எட்டு, பத்து, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட ஆகும். மூன்றாவது தடவையிலேயே 'இவளுக்குப் பிடிக்காது' என்று கைவிடுவது நாம்தான். தேங்காய்த் துருவல் தூவி இரண்டே துண்டு வெண்டைக்காயை, அவளுக்குப் பிடித்த ரசம் சாதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். தின்னச் சொல்லவில்லை. வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கும் வேலையை அவளிடமே கொடுத்தேன். படக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல் என்று கற்றுக்கொண்டாள். ஒரு பிஞ்சைப் பச்சையாகக் கடித்தும் பார்த்தாள். ஆறாவது வாரம், ஓரத்தில் கிடந்த வதக்கிய வெண்டைக்காய் சாதத்தோடு உள்ளே போனது.

"காயைத் தின்னா சாக்லேட்" என்ற பேரம் மட்டும் வேண்டவே வேண்டாம். காய் என்றாலே கஷ்டம் என்று பிள்ளை முடிவுகட்டிவிடும்.

என் ஓட்டு தட்டுக்குத்தான். பீட்ரூட் தோசையை விடவில்லை, மறைப்பதைத்தான் விட்டேன். இப்போது அரைத்த விழுதை மாவில் கலக்குவதே அவள்தான். மாவு சிவக்கச் சிவக்க, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்கிறாள்.