ஷிரோவுக்கு எது: பட்டாணியா, கடலையா, குவாயாவா?

எத்தியோப்பியாவில் ஏழை வீடு, வசதியான வீடு என்ற பேதமில்லாமல் அடுப்பில் ஏறுவது ஷிரோ. பருப்பை வறுத்து, மிளகாய், பூண்டு, இஞ்சி, ஓமம் எல்லாம் சேர்த்து மாவாக அரைத்து வைத்துக்கொள்வார்கள். வெங்காயத்தை வதக்கித் தண்ணீர் ஊற்றி, மாவைக் கட்டி தட்டாமல் கரைத்துக் கொதிக்கவிட்டால் குழம்பு தயார். பூரிக்குக் கடலைமாவில் பம்பாய் சட்னி செய்கிறோமே, கிட்டத்தட்ட அதே கைவேலை. டெஃப் என்ற சிறுதானியத்தின் புளித்த மாவில் தோசை போலச் சுட்ட இன்ஜெராவைப் பிய்த்து, இதில் தோய்த்துச் சாப்பிடுவார்கள்.

அங்கே பருப்பு வெறும் தொடுகறி அல்ல. ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்கள் புதன், வெள்ளிகளிலும், ஈஸ்டருக்கு முன் 55 நாளும் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். மற்ற விரதங்களையும் கூட்டினால் வருஷத்தில் 180 நாள் போல வந்துவிடும். அந்த நாட்களில் புரதம் பருப்பிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே மாவுக்குள் எது போகிறது என்பது பெரிய விஷயம்.

போட்டியில் நான்கு பேர். அதெர் என்கிற பட்டாணி, ஷிம்ப்ரா என்கிற கொண்டைக்கடலை, பாகெலா என்கிற ஃபாவா பீன்ஸ், குவாயா என்கிற கேசரிப் பருப்பு. மைசூர்ப் பருப்பைச் சேர்க்கவில்லை. அது மிசிர் வோட் என்ற குழம்பில் தனிக் கச்சேரி நடத்துகிறது.

ருசியில் என் ஓட்டு பட்டாணிக்கு. மாவு குழைவாகக் கரையும், லேசான இனிப்பும் இருக்கும். தோல் நீக்கி உடைத்த பட்டாணிக்குக் கிக் என்று பேர். மஞ்சள் போட்டுக் காரமில்லாமல் செய்யும் கிக் அலிச்சாவில் அதன் இடத்துக்கு வேறு எதுவும் வராது. கடலை மாவு இன்னும் கெட்டியாக இறுகும். மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வரும் தெகபினோ ஷிரோவுக்கு அது குறையே இல்லை. பாகெலாவைத் தனியாக அரைத்தால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கலப்பில் இருந்தால் சரி.

ருசியில் ஜெயிக்கும் பட்டாணி வயலில்தான் தடுமாறுகிறது. அதற்குக் குளிர் வேண்டும். ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேலே உள்ள மேட்டுநிலம். அர்சி, பாலே, கோஜம், கோண்டர், ஷேவா, வோல்லோ என்று அதற்கான வட்டாரங்கள் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பெருமழையை நம்பி விதைக்கிறார்கள். மழை கூடினால் கொடி சாய்ந்து இலைநோய் வரும், குறைந்தால் காய் பிடிக்காது. இதற்கு விவசாயிகள் கண்ட வழி அழகானது: பட்டாணியையும் பாகெலாவையும் கலந்தே விதைத்துவிடுவார்கள். பாகெலாத் தண்டு விறைப்பாக நிற்கும், கொடி அதைப் பிடித்து ஏறும். மாவில் போட்டியாளர்கள், வயலில் கூட்டாளிகள்.

அப்புறம் பட்டாணி வண்டு. காய் பச்சையாக இருக்கும்போதே முட்டையிட்டுவிடும். புழு விதைக்குள் போய்விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. குதிருக்கு வந்த பிறகு ஓட்டை ஓட்டையாக வண்டு கிளம்பும். அம்ஹாரா பகுதியில் இது பெரிய தலைவலி. மாவுக்கு மட்டுமல்ல, விதைக்கும் நஷ்டம்.

கடலை இந்தக் கஷ்டங்களில் பாதியைத் தாண்டிவிடுகிறது. மழை முடியும் நேரத்தில், ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ, கரிசல் மண்ணில் தேங்கிய ஈரத்தை நம்பி விதைக்கிறார்கள். பிஷோஃப்டூவைச் சுற்றிய அடா பகுதி இதற்குப் பேர்போனது. அங்கேயுள்ள டெப்ரெ செயித் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து நல்ல ரகங்களும் வந்தன. ஆப்பிரிக்காவிலேயே கொண்டைக்கடலை அதிகம் விளைவது எத்தியோப்பியாவில்தான். ஒரே குறை, கடலைக்கு வெளிநாட்டில் கிராக்கி உண்டு. ஏற்றுமதிக்கு வண்டி ஏறினால் உள்ளூர்ச் சந்தையில் விலை ஏறும். பட்டாணி பெரும்பாலும் உள்ளூர் வயிற்றுக்கே போகிறது.

இனி குவாயா. விலை குறைவு. வறட்சியோ வெள்ளமோ, மற்ற பயிர் செத்த வயலில் இது மட்டும் நிற்கும். நான்கில் இதுதான் கெட்டிக்காரப் பயிர் என்று சொல்லத் தோன்றும். ஆனால் விதையில் ஓடிஏபி என்ற நரம்பு நஞ்சு இருக்கிறது. எப்போதாவது, மற்ற தானியத்தோடு கலந்து சாப்பிட்டால் ஆபத்து குறைவு. பஞ்சத்தில் இரண்டு மூன்று மாதம் இதுவே முக்கிய உணவாகிவிட்டால் கால்கள் விறைத்து நடை போய்விடும், திரும்பவும் வராது. அதிகம் பாதிக்கப்படுவது இளைஞர்கள். 1970-களில் கோண்டர் பக்கமும், 1990-களில் வோல்லோவிலும் இப்படி நடந்திருக்கிறது. ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டினால் நஞ்சு குறையும், முழுதாகப் போகாது. தண்ணீரும் விறகும் பஞ்ச காலத்தில் எங்கே கிடைக்கும்? நஞ்சு குறைந்த ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் 1961-இலேயே இதன் விற்பனைக்குத் தடை வந்தது. துவரம்பருப்பில் கலப்படம் என்ற பேச்சில் நமக்கும் பழக்கமான பெயர். ஆகவே விலையை மட்டும் பார்த்து ஷிரோ மாவு வாங்குகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: இதில் குவாயா எவ்வளவு?

வேறொரு பட்டாணியும் எத்தியோப்பியாவுக்குள் வந்தது, மூட்டையில். அமெரிக்க உதவியாக வந்த மஞ்சள் உடைத்த பட்டாணி. வழக்கமான பங்கீட்டில் ஆளுக்கு மாதம் 15 கிலோ கோதுமை, 1.5 கிலோ பட்டாணி, கொஞ்சம் எண்ணெய் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 50 கிராம் பட்டாணி. கொஞ்சம்தான், ஆனால் தோலில்லாததால் சீக்கிரம் வேகும், விறகு மிச்சம். வண்டு, மழை கவலையும் இல்லை. கவலை வேறு இடத்தில்: உதவிப் பொருள் வேறு பக்கம் போகிறது என்று 2023 ஜூனில் அமெரிக்கா நாடு முழுதும் விநியோகத்தை நிறுத்தியது. மாதக்கணக்கில் மூட்டை வரவில்லை. பல்லாயிரம் மைல் தாண்டி வரும் பட்டாணியை உள்ளூர்ப் பட்டாணிக்குப் போட்டி என்று சொல்வதே தப்பு. வயல் கைவிட்ட பிறகுதான் அதற்கு வேலை.

என் கையில் பை இருந்தால், தினப்படி மாவுக்குப் பாதி கடலை, பாதி பட்டாணி. கிக் அலிச்சாவுக்குப் பட்டாணி மட்டும். டிக்ராய், வோல்லோ பக்கம் டெகோகோ என்று ஒரு குட்டிப் பட்டாணி விளைகிறது. சாதாரண அதெரைவிட விலை அதிகம், ஆனாலும் அங்கே அதற்குத்தான் மவுசு. பண்டிகை நாள் என்றால் அதில் ஒரு கிலோ.